வாயிலில் நின்றவர்கள்

"அரசியல் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, நமக்கென்ன அச்சம்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு, தோழர்களே! அவர்களைத் தென்கொரியா வரை அழைத்துச் செல்ல ஆசைப்படுகிறேன்.

2024 டிசம்பர் 3. இரவு ஏறத்தாழ பத்தரை மணி. ஆலையிலிருந்து திரும்பியவன் உண்டு, உறங்கப்போகும் நேரம். குடியரசுத் தலைவர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியிலே தோன்றுகிறார். நாட்டைக் காக்கப் போகிறாராம்! எதிர்க்கட்சியிடமிருந்து காக்கப் போகிறாராம்! ராணுவச் சட்டம் பிறப்பித்தேன் என்கிறார். சற்று நேரத்தில் தளபதியின் கட்டளை வருகிறது. நாடாளுமன்றம் இயங்கக்கூடாது; கட்சிகள் இயங்கக்கூடாது; பத்திரிகைகள் படையின் பிடியில்; ஆர்ப்பாட்டம் கூடாது; வேலைநிறுத்தமும் கூடாது!

கவனித்தீர்களா? அந்தப் பட்டியலிலே தொழிலாளி மறக்கப்படவில்லை. பேசுபவன் வாயை அடைக்கும் கை, சங்கக் கட்டடத்துக்குப் பூட்டுப் போடாமல் ஓய்ந்ததாக வரலாறு இல்லை.

அந்நாட்டுச் சட்டத்திலே ஒரு விதி உண்டு. நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் 'விலக்கு' என்று கேட்டால், தலைவர் ராணுவச் சட்டத்தை விலக்கியே தீரவேண்டும். 300 பேரில் 151 பேர் போதும். நல்ல விதிதான்! ஆனால் 1980-லும் இதே விதி ஏட்டிலே இருந்தது. என்ன ஆயிற்று? சுன் டூ ஹ்வானின் கூட்டம் மே 17 அன்று ராணுவச் சட்டத்தை நாடெங்கும் விரித்தது. நாடாளுமன்ற வாயிலிலே படையை நிறுத்தியது. மே 20-ல் கூடவேண்டிய மன்றம் கூடவில்லை. கூடாத மன்றம் எப்படித் தீர்மானம் போடும்? விதி ஏட்டிலே உறங்கிற்று. குவாங்ஜு நகர வீதிகளிலே மாணவரும் தொழிலாளரும் சுட்டு வீழ்த்தப்பட்டனர்.

44 ஆண்டுகள் கழித்தும் படை வந்தது. ஹெலிகாப்டரில் வந்தது, ஜன்னலை உடைத்துக்கொண்டு புகுந்தது. இம்முறை வாயிலுக்கு மக்களும் வந்துவிட்டார்கள்! லாரி அனுப்பித் திரட்டிய கூட்டமல்ல அது. குவாங்ஜுவை மறவாத முதியவர்கள், அதைப் படித்து வளர்ந்த இளைஞர்கள். படை வண்டிகளை மறித்தார்கள். மதிலேறும் உறுப்பினர்களுக்குத் துணை நின்றார்கள். அவைத் தலைவர் வூ வொன் ஷிக், அறுபதைக் கடந்தவர், அவரும் மதிலேறித்தான் உள்ளே போனார்! உள்ளே அலுவலர்கள் மேசை நாற்காலிகளை அடுக்கிக் கதவை அடைத்தார்கள். பின்னிரவு ஒரு மணிக்கு வாக்கெடுப்பு. வந்திருந்தவர் 190 பேர். விலக்கு என்றவரும் 190 பேர். அவர்களில் 18 பேர் யூனின் சொந்தக் கட்சியார்! (கட்சிக்காரர்களாகிய நாம் அந்த 18-ஐ நிதானமாக எண்ணிப் பார்ப்பது நல்லது.) பொழுது விடியுமுன் ஆணை விலக்கப்பட்டது.

மறுநாளே கொரியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்று, தலைவர் விலகும்வரை வேலைநிறுத்தம் என்று அறிவித்தது. முதல்நாள் இரவு தடுக்கப்பட்ட அதே வேலைநிறுத்தம்!

இந்தத் துணிவு ஒரே இரவில் பிறந்ததா? 1987 ஜூனில் வீதியில் திரண்டு, தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கியவர்கள் அவர்கள். அதே கோடையில் உல்சான் ஆலைகளில் மூண்ட போராட்டம் நாடெங்கும் பரவி, புதிய சங்கங்கள் எழுந்தன. கூடிப் பேசிப் பழகிய கால்கள்தான் அன்றிரவு வாயிலுக்கு நடந்தன. கிளைக் கூட்டத்துக்கு வராதவன், வாக்காளர் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று பாராதவன், சங்கத் தேர்தலில் 'யாரோ ஒருவர் நிற்கட்டும்' என்று ஒதுங்குபவன், அப்படியொரு இரவில் வீட்டைவிட்டுக் கிளம்புவானா?

டிசம்பர் 14-ல் 204 வாக்குகளால் யூன் மீது குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 4-ல் அரசியல் சட்ட நீதிமன்றத்தின் 8 நீதிபதிகளும் ஒருமனதாக அவரைப் பதவி நீக்கினர். ஜூன் 3-ல் தேர்தல். வென்றவர் லீ ஜே மியுங். அன்றிரவு மதிலேறிக் குதித்தவர்களில் ஒருவர். பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் ஆலைக்குப் போய், இயந்திரத்திலே கை நசுங்கியவர்.