மண்ணுக்குள் மறைந்த மாநகரம்

வீடு கட்ட வானம் தோண்டுவோர் தோண்டிய மண்ணைக் கொட்டிவிட்டு மறந்துவிடுவது இயல்பு. ஆனால் அந்த மண்ணுக்குள் முன்னோரின் வீடுகளே புதைந்து கிடந்தால் என் செய்வது? அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினை 1970-களில் உலுக்கிய வினா இதுவே.

லிஃபி ஆற்றின் தென்கரையில், கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தின் நிழலில் அமைந்த பகுதி உட் கீ. அங்கே தன் அலுவலகங்களை எழுப்ப மாநகராட்சி முடிவு செய்தது. கட்டடம் எழுமுன் தேசிய அருங்காட்சியகத்தார் அகழாய்வு செய்தனர். 1974 முதல் 1981 வரை பேட்ரிக் வாலஸ் அப்பணிக்குத் தலைமை தாங்கினார்.

கிடைத்தவை அரசர்களின் பொற்குவியல்கள் அல்ல. எளிய மக்களின் இல்லங்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வைக்கிங் மரபினர் அங்கே வாழ்ந்திருந்தனர். கம்புகளை நட்டு, இடையே வளார்களைப் பின்னிய தட்டிச் சுவர்கள், நடுவில் அடுப்பு, இரு மருங்கிலும் உட்காரவும் உறங்கவும் திண்ணைகள். ஈரமண் காற்றைப் புகவிடாது காத்தமையால் மரமும் தோலும் மட்கவில்லை. சீப்புகள், காலணிகள், வணிகர்களின் ஈய எடைக்கற்கள், குழந்தை விளையாடிய மரப்படகு ஆகியன வெளிப்பட்டன.

இவற்றின் மீது கட்டடம் எழுவதை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் அருட்தந்தை எஃப். எக்ஸ். மார்ட்டின். அகுஸ்தீன் சபைத் துறவியான இவர், டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இடைக்கால வரலாற்றுப் பேராசிரியர். இவர் தொடுத்த வழக்கில், 1978-ல் உயர் நீதிமன்றம் அவ்விடத்தைத் தேசிய நினைவுச் சின்னமென அறிவித்தது. எனினும் பணி நிற்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ஏறத்தாழ 20,000 மக்கள் வீதியில் அணிவகுத்தனர். 1979 ஜூனில் சிலர் அவ்விடத்திலேயே புகுந்து தங்கிப் போராடினர்.

இறுதியில் அலுவலகங்கள் எழுந்தன. அப்படியாயின் அத்தனை உழைப்பும் வீணோ? இல்லை. போராட்டத்தால் ஆய்வுக்குக் கூடுதல் காலம் கிடைத்தது. அதனால் பல பொருள்கள் காக்கப்பட்டன. பழைய நகர மதிலின் ஒரு பகுதியை அவ்வலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இன்றும் காணலாம். 1992-ல் மால்டாவின் வலெட்டா நகரில் ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, நகர்த் திட்டம் தீட்டும்போதே தொல்பொருளைக் கருதவேண்டும் என்று வகுத்தது.

இடிந்த கட்டடத்தை மீண்டும் கட்டலாம். கலைந்த மண்ணடுக்கை மீண்டும் அடுக்க இயலாது. அகழ்வோரும் ஒருமுறையே அதனைப் படிக்க முடியும். எனவே புதியதை எழுப்பும் உரிமை நமக்கு உண்டெனினும், பொறுமையாய்ப் படித்தறிந்த பின்னரே எழுப்ப வேண்டும் என்னும் கடமையும் நமக்கு உண்டு. பெயரறியா ஒரு தந்தை தன் மகனுக்குச் செதுக்கிக் கொடுத்திருக்கக்கூடிய அச்சிறு மரப்படகு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவன்றோ?