எலுமிச்சை தெரிகிறது, எச்சரிக்கை தெரியவில்லை!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையிலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் முன்னே செல்லும் வண்டியின் முதுகைப் பார்த்தபடிதான் பின்னே செல்பவர் காத்திருக்கவேண்டும். அப்படித்தான் ஒருநாள் மாலை, ஒரு டாங்கர் லாரியின் முதுகைப் பார்த்தபடி நாம் காத்திருந்தோம். பார்த்தோம், படிக்க முயன்றோம், படிக்க முடியவில்லை!

உள்ளே இருப்பது என்ன என்று சொல்லவேண்டிய பலகையின்மீது ஒரு விரற்கடை சேறு. ஆனால் அதற்குக் கீழே, அன்று காலை கட்டிய எலுமிச்சையும் பச்சைமிளகாயும், பளபளவென்று! கண்ணேறு படாமலிருக்கக் காசு செலவழித்தவர்கள், கண்ணுக்குத் தெரியவேண்டியதைத் துடைக்க ஒரு கந்தைத் துணி தேடவில்லை. எலுமிச்சை நெருப்பை அணைக்குமா? மிளகாய் நச்சுக்காற்றைத் தடுக்குமா? கேட்டால் நம்மை நாத்திகன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், பலகையைத் துடைத்துவிட்டுச் சொல்லட்டும்!

அந்தப் பலகை அலங்காரமல்ல, தோழர்களே, சட்டம்! 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலே 134-ஆவது விதி. ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டியின் இரு பக்கமும் பின்புறமும், ஆக மூன்று இடங்களில், அவசரத் தகவல் பலகை இருக்கவேண்டும். சரக்கின் சரியான பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில்; ஐக்கிய நாடுகள் சபையின் வகை எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில்; வகையைக் காட்டும் சின்னம் 250 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல்; விபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது என்ற தொலைபேசி எண்ணும் உடன்.

உலகம் இந்த ஏற்பாட்டை ஒரே நாளில் செய்துவிடவில்லை. ஐ.நா. சபையின் நிபுணர் குழு தன் முதல் பரிந்துரைகளை 1956-லே வெளியிட்டது. இன்று ஆபத்தான சரக்குகள் ஒன்பது வகை: வெடிபொருள், வாயு, தீப்பற்றும் திரவம், தீப்பற்றும் திடப்பொருள், தீயைத் தூண்டும் பொருள், நஞ்சு, கதிரியக்கம், அரிக்கும் அமிலம் போன்றவை, மற்றவை. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு இலக்க எண் உண்டு. 1203 என்றால் பெட்ரோல். 1075 என்றால் சமையல் எரிவாயு. 1402 என்றால் கால்சியம் கார்பைடு.

எண்ணிலே என்ன இருக்கிறது என்று கேட்பாருண்டு. உயிர் இருக்கிறது! பெட்ரோல் தீயை நுரையால் அடக்கவேண்டும். கார்பைடின்மீது தண்ணீர் பட்டாலோ அசிட்டிலீன் வாயு பிறக்கும். தீ அணைக்கப் போனவன் தீ மூட்டியவனாவான்! 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலிலே 640 கொள்கலன்கள். அவற்றுள் 12-இல் இந்தக் கார்பைடு. பெட்டிகள் கேரளக் கரையில் ஒதுங்கியபோது, தொடாதீர், அருகே செல்லாதீர் என்று மக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. பெட்டியெல்லாம் பார்வைக்கு ஒன்றுதான். பேதம் காட்டுவது அதன்மீதுள்ள எழுத்துதான்.

மலையிலிருந்து கீழே பாருங்கள். பெங்களூரிலிருந்து வரும் நெடுஞ்சாலையும் கோவையிலிருந்து வரும் நெடுஞ்சாலையும் சேலத்திலே கைகுலுக்கிக்கொள்கின்றன. பக்கத்திலே நாமக்கல், 1997-லே தனி மாவட்டமாகும்வரை சேலத்தோடு சேர்ந்திருந்த ஊர், எரிவாயு டாங்கர் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். உழைத்து உயர்ந்த நம் மக்களின் தொழில் அது. அதைப் பழிப்பதற்காக எழுதவில்லை நாம். அந்த வண்டியை ஓட்டும் தோழனும், அவன் வண்டி கடக்கும் ஊராரும் உயிரோடு வீடு திரும்பவேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

2025 சனவரி 3. கோவை அவினாசி சாலை மேம்பாலத்திலே, 18 டன் எரிவாயு ஏற்றிவந்த டாங்கர் கவிழ்ந்து கசிந்தது. விடியுமுன் நடந்தது, தீயணைப்புத் தோழர்கள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே நின்றார்கள், சுற்றுப்புறப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது, உயிர்ச்சேதம் இல்லை. ஏன் இல்லை? உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்தது; தெரிந்ததால் விலகினார்கள், விலக்கினார்கள். இதற்கு மாறாக, 2017 சூன் 25 அன்று பாகிஸ்தானின் அகமதுபூர் கிழக்கிலே கவிழ்ந்த டாங்கரிலிருந்து வழிந்த எண்ணெயை அள்ள ஏழை மக்கள் குடத்தோடு ஓடினார்கள். 200-க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். வறுமை அழைத்தது, எச்சரிக்கை தடுக்கவில்லை!

இப்போது நம் கேள்வி. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டத் தொழிலாளி கையிலே பூச்சிமருந்து டப்பா இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, அதன்மீது இந்தி, ஆங்கிலத்தோடு வட்டார மொழியும் இருக்கவேண்டும்; நஞ்சின் கடுமையைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறமே சொல்லவேண்டும். கைக்கு அடங்கும் டப்பாவுக்குத் தமிழ் தேவையென்றால், தெருவை அடைத்துக்கொண்டு வரும் டாங்கருக்குத் தேவையில்லையா? பலகை விதி எழுத்தின் உயரத்தைச் சொல்கிறது. அந்த எழுத்து மக்கள் மொழியில் இருக்கவேண்டுமென்று கேட்கவில்லை! ஓட்டுநர் ஆங்கிலமும் ஓர் இந்திய மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்கிறது இன்னொரு விதி. சரி, ஓட்டுநர் மயங்கிக் கிடக்கும்போது ஓடிவரும் உழவனுக்கு?

ஆங்கிலத்தை எடுத்தெறியச் சொல்லவில்லை நாம். லாரி பல மாநிலம் செல்லும். எல்லா மொழியையும் அதன் முதுகில் எழுத இடமேது என்பார்கள். உண்மை. அதனால்தான் சின்னமும் எண்ணும் இருக்கின்றன. அவை இருக்கட்டும், ஆங்கிலமும் இருக்கட்டும். ஆனால் தமிழ்நாட்டில் சரக்கை ஏற்றித் தமிழ்நாட்டிலேயே இறக்கும் வண்டிக்கு என்ன தடை? "எரிவாயு — அருகே வராதீர்" என்று எழுத எத்தனை அங்குலம் வேண்டும்?

டில்லி சர்க்கார் விதியிலே மொழியைச் சேர்க்கட்டும். மாநில அதிகாரிகள் சோதனைச் சாவடியில் ஆவணத்தோடு பலகையையும் பார்க்கட்டும். சேறு படிந்திருந்தால் துடைத்தபிறகே வண்டி நகரட்டும். பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது சின்னங்களையும் கற்கட்டும். ஊராட்சி மன்றச் சுவரிலே அவற்றை எழுதி வைக்கட்டும்.

அந்த மாலை, வளைவிலே வண்டி நின்றபோது, கிளீனர்ப் பையன் இறங்கிவந்தான். "தம்பி, உள்ளே என்ன?" என்றோம். "தெரியாதுங்க அண்ணே, டிரைவரைத்தான் கேக்கணும்" என்றான். தான் எதன்மீது உட்கார்ந்து வருகிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது! அவனுக்குத் தெரியும் நாள்தான் அந்தச் சட்டத்துக்கு உயிர் வரும் நாள்.