ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ஸ்பார்க் பிளக் வாங்குவது எப்படி?

கம்ப்யூட்டர் இதழில் பைக் பற்றிய கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்கும்போது நாம் ஒரு பழக்கத்தைக் கற்றுக் கொள்கிறோம். 4 ஜிபி ராமைவிட 8 ஜிபி நல்லது, 8 ஜிபியைவிட 16 ஜிபி நல்லது. நம்பர் பெரிதாக இருந்தால் பொருள் உயர்ந்தது. இந்தப் பழக்கத்தை அப்படியே பைக்குக்குக் கொண்டு போய் நான் மாட்டிக் கொண்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதை வைத்தே இந்தத் தவறைத் தவிர்க்கலாம் என்பதையும் பார்ப்போம்.

என்னிடம் இருப்பது யமஹா ஆர்15 பைக்கின் முதல் மாடல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2008-ல் இந்தியாவில் வெளிவந்த வண்டி. 150 சி.சி. என்ஜின், ஃப்யூல் இன்ஜெக்ஷன், தண்ணீரால் குளிரும் அமைப்பு என்று அந்த நாளில் பெரிதாகப் பேசப்பட்டது. அதன் பிளக்கை மாற்ற வேண்டிய நேரம் வந்தது. பழைய பிளக்கில் என்.ஜி.கே. சிஆர்8இ என்று எழுதியிருந்தது. கடையில் சிஆர்9இ இருந்தது. 8-ஐவிட 9 பெரியது. ரேஸ் ஓட்டுபவர்கள் அதைத்தான் போடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். வாங்கி, நானே மாட்டினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் அதிகாலை. ஊரில் நிலப் பத்திரப் பதிவுக்காக அப்பா காலை ரயிலில் போக வேண்டும். என் பின்னால் உட்கார்ந்தார். செல்ஃப் பட்டனை அழுத்தினேன். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. பத்து நிமிடம் போராடினேன். ஆட்டோ பிடித்துப் போவதற்குள் ரயில் போய்விட்டது. பஸ்ஸில் அவர் ஊர் போய்ச் சேரும்போது பதிவாளர் அலுவலகம் மூடிவிட்டது. வெளியூரிலிருந்து வந்த எதிர்க்கட்சிக்காரர் திரும்பிப் போய்விட, பதிவு இரண்டு வாரம் தள்ளிப் போனது. அப்பா திட்டவில்லை. "நீ இன்ஜினியர்தானேப்பா?" என்று மட்டும் கேட்டார். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை.

மெக்கானிக் அண்ணன் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கரி அடுப்பில் வைத்தது போல முனை முழுவதும் கறுப்பு. "நம்பர் பெருசா இருந்தா பெஸ்ட்டுன்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?" என்றார்.

அந்த நம்பர் எதைக் குறிக்கிறது?

ஸ்பார்க் பிளக்கின் வேலை பெட்ரோல் - காற்றுக் கலவையைப் பொறியால் பற்ற வைப்பது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை கலவை எரிய வேண்டும். என்ஜின் நிமிடத்துக்கு 8,500 முறை சுற்றினால் 4,250 முறை. அதாவது ஒரு விநாடிக்கு எழுபது முறைக்கு மேல்.

இந்த வேலை ஒழுங்காக நடக்க, பிளக் முனையின் வெப்பம் ஒரு எல்லைக்குள் இருக்க வேண்டும். சுமார் 450 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் கரி படியும். படிந்த கரி வழியாக மின்சாரம் கசிந்துவிடும், பொறி வராது. அதற்கு மேல் சூடானால் கரி தானாக எரிந்து முனை சுத்தமாகிறது. ஆனால் 850 டிகிரியைத் தாண்டிப் போனால், பொறி வருவதற்கு முன்பே சூடான முனை கலவையைப் பற்ற வைத்துவிடும். இது நீடித்தால் பிஸ்டன் உருகி ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம்.

பிளக்கில் இருக்கும் நம்பர், முனையில் சேரும் வெப்பத்தை அது எவ்வளவு வேகமாக என்ஜினுக்குக் கடத்துகிறது என்பதைக் காட்டுகிறது. இதை ஹீட் ரேஞ்ச் என்பார்கள். என்.ஜி.கே. பிளக்குகளில் நம்பர் கூடக் கூட பிளக் குளிர்ச்சியானது. ரேஸ் டிராக்கில் முழு ஆக்சிலரேட்டரில் ஓடும் வண்டிக்குக் குளிர்ந்த பிளக் தேவைப்படலாம். நானோ தினமும் ஐந்து கிலோமீட்டர், பத்து சிக்னல். என் பிளக் சுத்தமாகும் அளவுக்குச் சூடாகவே இல்லை.

இன்னொரு பொறி: டென்ஸோ பிளக்கிலும் நம்பர் கூடினால் குளிர்ச்சிதான், ஆனால் அளவுகோல் வேறு. என்.ஜி.கே. 8-க்கு டென்ஸோவில் 24. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் கணக்கு தலைகீழ். நம்பர் கூடினால் சூடு. எனவே ஒரு கம்பெனி நம்பரை இன்னொரு கம்பெனி நம்பரோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

சிஆர்8இ: பிரித்துப் படிப்போம்

சி என்றால் மரையின் விட்டம் 10 மி.மீ. இதே இடத்தில் டி இருந்தால் 12 மி.மீ., பி இருந்தால் 14 மி.மீ.

ஆர் என்றால் ரெசிஸ்டர். பிளக்குக்குள் சுமார் 5,000 ஓம் தடை இருக்கிறது. ஒவ்வொரு பொறியும் சுற்றிலும் மின் இரைச்சலைக் கிளப்பும். ஃப்யூல் இன்ஜெக்ஷன் பைக்கில் எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று முடிவு செய்வது இ.சி.யு. என்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அந்த இரைச்சல் அதைக் குழப்பாமல் இருக்கத்தான் இந்தத் தடை. ஆர் இல்லாத பிளக்கை இத்தகைய பைக்கில் போடக்கூடாது.

8 என்பது நாம் பார்த்த ஹீட் ரேஞ்ச்.

இ என்றால் மரைப் பகுதியின் நீளம் 19 மி.மீ. எச் என்றால் 12.7 மி.மீ. இது மிக முக்கியம். சிஆர்8எச்எஸ்ஏ என்ற பிளக்கும் 10 மி.மீ. மரைதான், உங்கள் என்ஜினில் அழகாகத் திருகிவிடும். ஆனால் நீளம் குறைவு. பொறி உள்ளே எட்டாது. நீளம் அதிகமான பிளக்கைப் போட்டாலோ பிஸ்டன் அதில் வந்து மோதலாம். லேப்டாப் அடாப்டரின் பின் பொருந்திவிட்டால் வோல்டேஜும் பொருந்தும் என்று நம்ப முடியுமா? அதுபோலத்தான்.

கடைசியில் -9 என்று இருந்தால் இடைவெளி 0.9 மி.மீ. ஐஎக்ஸ் என்று இருந்தால் இரிடியம் பிளக்.

இரிடியம் வாங்கலாமா?

சாதாரண பிளக்கின் முனை நிக்கல் கலவை. இரிடியம் சுமார் 2,446 டிகிரியில்தான் உருகும் என்பதால் முனையை 0.6 மி.மீ. அளவுக்கு மெல்லியதாகச் செய்ய முடிகிறது. மெல்லிய முனையில் குறைந்த வோல்டேஜிலேயே பொறி வரும், தேய்மானமும் குறைவு. விலை பல மடங்கு. நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் இதனால் வேகம் கூடிவிடாது. வாங்குவதாக இருந்தால் அதே ஹீட் ரேஞ்சில், அதாவது சிஆர்8இ-க்குப் பதில் சிஆர்8இஐஎக்ஸ் வாங்குங்கள். அதன் மெல்லிய முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள்.

கம்ப்யூட்டர் எப்படி உதவும்?

1. உங்கள் பைக் கம்பெனியின் இணையதளத்தில் ஓனர்ஸ் மேனுவல் பி.டி.எஃப். பைலாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். மாடல் பெயரோடு வருடத்தையும் சரிபார்த்து டவுன்லோட் செய்யுங்கள். ஆர்15 என்ற பெயர் மாறவில்லை. ஆனால் 2018-ல் வந்த மூன்றாவது மாடலில் என்ஜினே 155 சி.சி. ஆகிவிட்டது. சாஃப்ட்வேரில் வெர்ஷன் பார்ப்பது போல இதிலும் பார்க்க வேண்டும்.

2. பைலைத் திறந்து கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி எஃப் கீயை அழுத்துங்கள். தோன்றும் சிறு கட்டத்தில் ஸ்பார்க் பிளக் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த பைலாக இருக்கலாம்; கடைசிப் பக்கங்களில் உள்ள ஸ்பெசிஃபிகேஷன் பட்டியலுக்கு நேராகப் போங்கள்.

3. பிளக்கின் முழுக் குறியீட்டையும் இடைவெளியையும் குறித்துக் கொள்ளுங்கள். என் வண்டிக்கு சிஆர்8இ, 0.7 முதல் 0.8 மி.மீ.

4. பிளக் தயாரிக்கும் கம்பெனியின் தளத்திலும் வண்டியின் மாடலைக் கொடுத்துத் தேடுங்கள். இரண்டும் ஒத்துப் போனால் வாங்குங்கள். ஆன்லைனில் நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் போலியாக இருக்கலாம். நம்பகமான கடையில் வாங்குவதே நல்லது.

5. எக்ஸலில் ஒரு ஷீட் திறந்து தேதி, கிலோமீட்டர், பிளக் குறியீடு, முனையின் நிறம் என்று நான்கு காலம் போட்டு எழுதி வாருங்கள். மேனுவல் சொல்லும் கிலோமீட்டரில் பிளக்கை மாற்ற இது நினைவூட்டும்.

மாட்டும்போது

என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்கள். சுற்றியுள்ள தூசியை முதலில் ஊதி எடுங்கள். அது உள்ளே விழக்கூடாது. புதிய பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜால் சரிபாருங்கள். முதலில் கையால்தான் திருக வேண்டும். கையால் திருகும்போதே இறுகினால் மரை மாறி ஏறுகிறது. எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். கடைசியில் ஸ்பேனரால் எவ்வளவு திருக வேண்டும் என்பது பிளக் பெட்டியிலேயே படமாக இருக்கும். அதற்கு மேல் பலம் காட்டினால் அலுமினிய மரை போய்விடும். பிளக் சில நூறு ரூபாய். ஹெட் வேலை பல ஆயிரம்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். முனை பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பிளக் குளிர்ச்சி அதிகம், அல்லது பெட்ரோல் அதிகம். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு அதிகம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கோளாறு பிளக்கில் இல்லை, என்ஜினுக்குள் இருக்கிறது.

நான் மறுபடியும் சிஆர்8இ-யே போட்டேன். இரண்டு வாரம் கழித்து அதே ரயிலுக்கு அப்பாவை அதே வண்டியில் அழைத்துப் போனேன். முதல் அழுத்திலேயே என்ஜின் பிடித்தது. ஆனாலும் அப்பா அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டார்.