பாட்டோடு போகும் கால்கள்

ஆகஸ்ட் 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறும். அதற்குப் பல நாள் முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் காவி உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் தென்படத் தொடங்கிவிடும். மாதா சொரூபம் வைத்த சிறு தேர், அதில் கட்டிய ஒலிபெருக்கி, வழியெல்லாம் மாதா பாட்டு. நாள்கணக்கில் நடக்கிற கால்களுக்கு அது உண்மையான துணை.

இசை கேட்டபடி நடந்தாலும் ஓடினாலும் களைப்பு குறைவாகத் தெரியும். காலடி தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். எத்தியோப்பிய வீரர் ஹைலே கெப்ரெசெலாசி 1998இல் பர்மிங்காம் உள்ளரங்கில் 2,000 மீட்டர் உலக சாதனை படைத்தபோது, அரங்கில் ஒலித்த ‘ஸ்காட்மேன்’ பாட்டின் வேகத்துக்கே ஓடினார்.

ஆனால் தேர்ப் பாட்டு வேறு, இயர்போன் வேறு. காதை அடைத்த பாட்டு, பின்னால் வரும் பேருந்தின் ஹாரனையும் அடைத்துவிடும். செவிக்கும் ஓர் அளவு உண்டு. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, அதனால்தான்.

ராக் ஆல்பமோ மாதா பாட்டோ, சாலையில் போகும்போது ஒரு காதையாவது திறந்து வையுங்கள். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாகவே செல்லுங்கள்.