வெள்ளியில் நிலைத்த முகங்கள்

2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர்விட்டு ஊராக இடம்பெயர்ந்தபோது, வீட்டையும் வயலையும் விட்டுச் சென்றோர் பலர் குடும்பப் புகைப்படங்களை மட்டும் கையோடு கொண்டு சென்றனர். அப்படங்கள் எவ்வாறு உண்டாயின, எத்துணைக் காலம் நிலைக்கும் என்பதை அறிதல் நம் கடனாகும்.

பழைய புகைப்படக் கலைக்கு அடிப்படை வெள்ளிப் புரோமைட்டு என்னும் உப்பு. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலோடு பொற்றாசியம் புரோமைட்டுக் கரைசலைச் சேர்த்தால், வெளிர்மஞ்சள் நிறமான இவ்வுப்பு வீழ்படிவாகத் தோன்றும். இதனைச் செலற்றினிற் கலந்து கண்ணாடித் தகட்டிற் பூசும் முறையை 1871இல் றிச்சட் மடொக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் வெளியிட்டார். படச்சுருளும் படத்தாளும் அவ்வழி வந்தவையே.

ஒளி பட்டதும் உப்பின் பளிங்குகளிற் சில வெள்ளி அணுக்கள் தனித்து நிற்கும். அவை கண்ணுக்குத் தோன்றா; ஆயினும் உருவம் பதிந்துவிட்டது. உருத்துலக்கும் கரைசலில் இட்டவுடன், அவ்வணுக்களை வித்தாகக் கொண்டு பளிங்கு முழுவதும் கருநிற வெள்ளியாக மாறும். ஒளி படாது எஞ்சிய உப்பை ஐப்போ என்னும் கரைசல் அகற்றும். ஐப்போவின் இவ்வியல்பை 1819இல் கண்டறிந்தவர் யோன் ஹேர்ஷல். படத்தாளின் உப்பைச் செந்நிற ஒளி தாக்காது. இருட்டறையிற் செவ்விளக்கு எரிந்ததன் காரணம் இதுவே.

ஐப்போவை நன்கு கழுவாது விட்டால், அதன் கந்தகம் வெள்ளியோடு கூடிப் படம் பழுப்பேறும். செவ்வையாகக் கழுவிய கறுப்பு வெள்ளைப் படமோ நூறாண்டு கடந்தும் நிற்கும்; அதில் இருப்பது உலோக வெள்ளியன்றோ? வண்ணப்படத்தின் நிலை வேறு. அங்கும் ஒளியை முதலில் ஏற்பது வெள்ளி உப்பே. ஆயினும் முடிவில் வெள்ளி நீக்கப்பட்டுச் சாயமே எஞ்சும். சாயம் வெயிலில் வெளிறிவிடும்.

இவ்வேறுபாடு வெறும் பாடநூற் செய்தியன்று. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர், தம் பிள்ளைகளின் படங்களையே கையில் ஏந்தினர். சில வீடுகளில் ஒருவரின் முகத்துக்கு எஞ்சிய சான்று ஒரே படந்தான். அது வண்ணப்படமாயின், வெயிலிற் கழியும் ஒவ்வொரு நாளும் சிறிது மங்கும்.

ஆதலின் மூலப்படத்தை உலர்ந்த, இருண்ட இடத்திற் பேணி, அதன் பிரதியையே வெளியே கொண்டு செல்லல் வேண்டும். பிரதி எடுக்கும் பணியில் ஆசிரியரும் மாணவரும் அக்குடும்பங்களுக்குத் துணைநிற்கலாம். தேடுவோர் கையில் அம்முகமாவது மங்காதிருக்கட்டும்.