ஹெல்முட் வால்ஹா (1907–1991): ஆர்கன் கலைஞர்

லைப்சிக்கில் பிறந்து இளமையிலேயே பார்வையிழந்த வால்ஹா, பாஹின் ஆர்கன் படைப்புகளை மனப்பாடமாக வாசித்து 1947–52, 1956–71 என இரு சுற்றாக ஒலிப்பதிவு செய்தார். இதை அதிசய நினைவாற்றல் என்று சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. முழுக்க முழுக்க உழைப்பு இது. ஓமந்தூர்ப் பக்கத் தெருக்கூத்தில் ஆர்மோனியக்காரரின் ஒரு கை துருத்தியிலும் மறுகை கட்டைகளிலும் இருக்கும். ஆர்கனிலோ இரு கைகளும் கால்களும் தனித்தனி இசையிழைகளை ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். மனைவியும் மற்றவர்களும் ஒவ்வோர் இழையாக வாசித்துக்காட்ட, வால்ஹா அவற்றை மனத்துக்குள் ஒன்றுசேர்த்தார்.

வேறு வழியில்லாமல் வந்த பழக்கம்தானே என்று கேட்கலாம். தொடக்கம் அதுவாகவே இருக்கட்டும். ஆனால் ‘ஃபியூக் கலை’ என்ற படைப்பில் பாஹ் முடிக்காமல் விட்ட கடைசிப் பகுதிக்கு வால்ஹா தாமே முடிவு எழுதினார். வெறும் மனப்பாடத்தால் அது ஆகாது. ஒவ்வோர் இழையும் எங்கே போகிறது என்று தெரிந்தவரால்தான் ஆகும்.