எதுக்களிப்பு: பழி மிளகாய்க்கு மட்டும்தானா?

மரக்காணம் உப்பளங்களில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. வெறும் டீயோடு கிளம்பி, பசி முற்றிய பிறகு வயிறு முட்டச் சாப்பிட்டு, மறுபடியும் குனிந்து உப்பு வாருகிற உடம்புக்கு என்ன ஆகும்? தெற்கே இரும்பைப் பக்கம் உழைப்பு வேறு மாதிரி. பக்கத்துச் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு ராத்திரி பதினொன்றுக்குப் பரோட்டா, அரை மணியில் பாய். இரண்டு இடத்திலும் புலம்பல் ஒன்றுதான்: “நெஞ்செல்லாம் எரியுது, புளிச்சு எதுக்களிச்சு வருது.” பழி விழுவதும் ஒன்றின் மேல்தான்: காரக் குழம்பு.

அது பாதி உண்மைதான்.

கதவு எங்கே தளர்கிறது?

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உடனே இறுக மூடிக்கொள்ளும். அமிலத்தைத் தாங்குவதற்கு இரைப்பைக்குக் கனமான சளிப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு கிடையாது; தசை தளர்ந்து அமிலம் மேலேறினால் எரியும். புகையிலை, மது, எண்ணெய் மிதக்கும் உணவு இவையெல்லாம் அந்தத் தசையைத் தளர்த்துகின்றன. தொப்பை, கர்ப்பம், இறுக்கிப் போட்ட பெல்ட், சாப்பிட்ட கையோடு குனிவது இவை கீழிருந்து அழுத்துகின்றன. ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட்டால், விரிந்த இரைப்பையே கதவைத் திறந்துவிடும்.

இந்திய இரைப்பைக் குடலியல் சங்கத்தின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், விசாரிக்கப்பட்டவர்களில் 7.6 சதவீதம் பேருக்கு எதுக்களிப்புத் தொல்லை இருந்தது.

தட்டில் என்ன, எவ்வளவு?

மிளகாய் எல்லோரையும் ஒரே மாதிரி படுத்துவதில்லை. ஒருவருக்குக் கருவாட்டுக் குழம்பு ஒத்துக்கொள்ளும், தக்காளிச் சட்னி ஆகாது. அதனால் பட்டியல் பார்த்து எல்லாவற்றையும் விலக்குவதைவிட, எதைச் சாப்பிட்ட அன்று எரிகிறது என்று இரண்டு வாரம் குறித்து வைப்பது பயன் தரும். பழைய சோறு சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். குடல் அழற்சிக்கு அது உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆராயத் தொடங்கியது உண்மை. ஆனால் குடல் வேறு, எதுக்களிப்பு வேறு. காலையில் மிதமாகக் குடிக்கிற நீராகாரம் நல்லதே. அதை மருந்தாக எண்ண வேண்டாம்.

2021இல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்வு ஏறக்குறைய 43 ஆயிரம் பெண்களைக் கவனித்தது. அளவான எடை, புகைக்காமை, தினமும் அரை மணி நேர உடற்பயிற்சி, காபி, டீ, சோடா எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டு கோப்பைக்கு மேல் போகாமை, சத்தான உணவு ஆகிய ஐந்தும் சேர்ந்தால் நெஞ்செரிச்சலில் 37 சதவீதம் வரை தவிர்க்கலாம் என்று அது கணித்தது. நம் டீக்கடைகளில் இரண்டு கோப்பைக் கணக்கு காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகிறது!

பாயும் கடிகாரமும்

நிமிர்ந்திருக்கும்போது அமிலத்தைப் புவியீர்ப்பு கீழே பிடித்து வைக்கிறது; படுத்தால் அந்த உதவி போய்விடும். ஆகவே சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு, மூன்று மணி நேரம் வேண்டும். ஷிப்ட்காரர் முழுச் சாப்பாட்டை வேலைக்கு நடுவே முடித்துவிட்டு, வீடு வந்ததும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்தலாம். தலையணைகளை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், ஏறிய அமிலம் சீக்கிரம் இறங்குகிறது.

உப்பளத்திலும் இதே கணக்குதான்: கிளம்பும்போது கொஞ்சம், இடையில் கொஞ்சம் என்று பிரித்துச் சாப்பிட்டு, குனிவதற்கு முன் சற்று நேரம் விடுவது.

கேஸ் என்று தள்ளிவிடுகிற வலி

விழுங்குவதில் சிரமம், கறுத்த மலம், ரத்த வாந்தி, காரணமின்றி எடை குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூட்டு வலிக்குத் தானாக வாங்கிப் போடும் மாத்திரைகளும் இரைப்பையைப் புண்ணாக்கும். அதைவிட ஆபத்தானது, நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி. “கேஸ்தான்” என்று சோடா குடித்துக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் மாரடைப்பில் உயிரை வாங்கிவிடும். அப்படி வந்தால் சோடாக் கடையைத் தாண்டி, 108ஐ அழைத்து, ஈசிஜி எடுக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.